பெரியம்மாவின் மஞ்சப்பையும் இரண்டு மருத்துவங்களும்

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். நீங்க எழுதிக் கொடுக்கிறதுதான்."

பக்கத்தில் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மா மடியில் இருந்த மஞ்சப்பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுகருக்குப் பாகற்காய்ப் பொடி. முட்டியில் தேய்க்க ஒரு தைலம். வறட்டு இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரக் குச்சி. போன வருஷத் தேர்த் திருவிழாவில் யாரோ விற்ற, பெயரும் ஊரும் ஒட்டாத முட்டிவலிப் பொடி ஒரு டப்பா.

டாக்டர் பிரஷர் பார்த்தார். 170க்கு மேலே நின்றது. மூன்று மாதத்தில் இரண்டாவது தடவையாக மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அடுத்த டோக்கன்காரர் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியம்மா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அதெல்லாம் மருந்தாடா? நாட்டு மருந்துதானே!"

வழக்கமான மருத்துவம், ஒருங்கிணைந்த மருத்துவம் என்று இரண்டு சொற்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. பெரிய ஆஸ்பத்திரி விளம்பரங்களிலும் வருகின்றன, அரசு அறிவிப்புகளிலும் வருகின்றன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பலரும் சொல்வது, 'ஒன்று மாத்திரை, மற்றது மூலிகை' என்பது. அது தப்பு. 'இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒருங்கிணைந்த மருத்துவம்' என்பது அதைவிடப் பெரிய தப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் பெரியம்மா பல வருஷமாக ஒருங்கிணைந்த மருத்துவம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் பெயர்கள்

நாம் அலோபதி, இங்கிலீஷ் மருந்து என்றெல்லாம் சொல்வதுதான் வழக்கமான மருத்துவம். நவீன மருத்துவம் என்றும் எழுதுகிறார்கள். 'அலோபதி' என்பது அந்த மருத்துவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் இல்லை. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன், தனக்குப் பிடிக்காத அந்தக் கால மருத்துவர்களைக் குத்திக்காட்ட வைத்த பட்டப்பெயர். ரத்தத்தை வடித்துவிட்டு வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வைத்த பெயர், அதோடு எந்த உறவும் இல்லாத இன்றைய மருத்துவத்தின் மேல் நம் ஊரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த மருத்துவம் நோயிலிருந்து தொடங்கும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எங்கே என்று கேட்கும். பரிசோதனை செய்து, நோய்க்கு ஒரு பெயர் வைக்கும். அந்தப் பெயருக்கு எந்த மருந்து அல்லது எந்த அறுவை சிகிச்சை ஆயிரக்கணக்கான பேரிடம் வேலை செய்ததோ அதைக் கொடுக்கும். உடம்பைத் துறைதுறையாகப் பிரித்து வைத்திருக்கும்: கண்ணுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர். குடல்வால் வெடித்தால், நெஞ்சடைப்பு வந்தால், பிரசவத்தில் ரத்தம் போனால் இந்தப் பிரிவினைதான் உயிரைக் காப்பாற்றும். அங்கே வேறு பேச்சுக்கே இடமில்லை.

மற்ற பக்கத்தில் மூன்று சொற்கள் குழம்பிக் கிடக்கின்றன. டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்வது மாற்று மருத்துவம். டாக்டர் சொன்னதையும் செய்து, கூடவே யோகா, அக்குபஞ்சர், சித்தா என்று சேர்த்துக்கொள்வது துணை மருத்துவம். அப்படிச் சேர்ப்பதை நோயாளி தன் இஷ்டத்துக்குச் செய்யாமல், இரண்டு பக்கத்து மருத்துவர்களும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்து, எது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று பார்த்து, ஒரே திட்டமாகச் செய்வது ஒருங்கிணைந்த மருத்துவம்.

அமெரிக்காவில் இந்தச் சொற்கள் நகர்ந்த விதத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். அங்கே தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்குள் 1990களின் தொடக்கத்தில் 'மாற்று மருத்துவ அலுவலகம்' என்று சின்னதாக ஒன்றைத் திறந்தார்கள். 1998இல் அது 'துணை மற்றும் மாற்று மருத்துவ மையம்' ஆனது. 2014 டிசம்பரில் 'மாற்று' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'துணை மற்றும் ஒருங்கிணைந்த நலத்துக்கான மையம்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். 'அதற்குப் பதிலாக இது' என்ற பேச்சு போய், 'அதோடு இது' என்ற பேச்சு வந்துவிட்டது.

நம் ஊருக்கு இந்தச் சேர்ப்பு புதிதும் இல்லை. மதராஸ் மாகாண அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழு போட்டது. அதன் தொடர்ச்சியாக 1920களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. மேல்நாட்டு மருத்துவம் படித்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்திதான் அதன் முதல் தலைவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானியோடு உடற்கூறும் அறுவை சிகிச்சையும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1960இல் முழுக்க நவீன மருத்துவத்துக்கு மாறியது. இன்று நாம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்று சொல்வது அதைத்தான். சித்தாவுக்கு 1964இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தவை அதோடு வேறு வேறு ஊருக்குப் போய்விட்டன.

ஒரு முட்டி, இரண்டு கேள்விகள்

பெரியம்மாவின் முட்டியையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுத் தேய்மானம் என்று வரும். வழக்கமான மருத்துவம் கேட்கும் கேள்வி: 'இந்த முட்டிக்கு என்ன ஆயிற்று?' வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி, முற்றிவிட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை.

ஒருங்கிணைந்த மருத்துவம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும்: 'இந்த முட்டியோடு இவர் எப்படி வாழ்கிறார்?' வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட்டா? எத்தனை படி ஏறுகிறார்? எடை என்ன? ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறதா? பெரியப்பா போன பிறகு கோவிலுக்கு நடந்து போவதை ஏன் நிறுத்தினார், வலியாலா, கூட வர ஆள் இல்லாததாலா? தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்கு ஒத்தடம், விரும்பினால் அக்குபஞ்சர் அல்லது நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் யோகா, தேவைப்படும்போது மட்டும் வலி மாத்திரை என்று திட்டம் போடும். அறுவை சிகிச்சையை அது மறுக்காது. அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்யலாம் என்று பார்க்கும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் எலும்பு மூட்டு மருத்துவர்களின் வழிகாட்டி நெறிகளிலும் முதலிடத்தில் உள்ளவைதான். எந்த ஓலைச்சுவடியிலிருந்தும் எடுத்த ரகசியம் இல்லை. ஆனால் ஒரு காலைக்குள் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? மாத்திரை எழுத அரை நிமிஷம் போதும். ஒரு பயிற்சியைச் செய்து காட்டிச் சரிபார்க்கக் கால் மணி நேரமாவது வேண்டும். 'ஒருங்கிணைந்த' என்ற பெயரில் தனியார் மையங்கள் விலை சொல்லி விற்பதில் பாதி, நேரம் ஒதுக்கிச் செய்யும் நல்ல மருத்துவம்தான் என்பது என் எண்ணம்.

முதுகு வலியிலும் இதே கதை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி, சாதாரணக் கீழ்முதுகு வலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளைப் பார்க்கச் சொன்னது. புது வலி என்றால் சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர். நாள்பட்ட வலி என்றால் உடற்பயிற்சி, யோகா, தை சி என்ற சீனப் பயிற்சி, மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. இவற்றில் தீராதபோதுதான் மாத்திரை. அதை எழுதியவர்கள் மூலிகைக்காரர்கள் இல்லை, நவீன மருத்துவத்தின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் நடந்தது

'முழு மனிதனைப் பார்ப்பது' என்ற பேச்சைக் கேட்டதும் நெஞ்சு இளகிப்போகிறவர்களுக்கு ஒரு காசநோய்க் கதை சொல்ல வேண்டும். ரயிலில் தாம்பரம் போகிறவர்கள் அதற்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரைப் பார்த்திருப்பார்கள்: தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அப்போது காசநோய்க் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, மன அமைதி, இவைதான் சிகிச்சை. உலகம் முழுக்க அப்படித்தான். இன்றைய விளம்பர மொழியில் சொன்னால் உடல், மனம், சூழல் மூன்றையும் பேணும் முழுமையான சிகிச்சை.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனாலும், மருந்து கொடுத்தாலும் நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸும் நம் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு சோதனை வைத்தார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சானடோரியத்தில், பாதிப் பேருக்கு அவரவர் வீட்டில் சிகிச்சை. யாருக்கு எது என்பதை யாரும் இஷ்டப்படி முடிவு செய்யவில்லை, குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். இரு பக்கமும் ஒரே மருந்துகள்.

வீட்டில் இருந்தவர்கள் ஒண்டுக் குடித்தனங்களில், குறைந்த சாப்பாட்டில் கிடந்தார்கள். ஓய்வும் அவ்வளவாக இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இவை எல்லாமே நன்றாகக் கிடைத்தன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களை மூட வைத்தது. காற்றும் வெயிலும் செய்வதாக நம்பப்பட்டதை மாத்திரைதான் செய்துகொண்டிருந்தது.

வழக்கமான மருத்துவத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு அழகான நம்பிக்கையாக இருந்தாலும் அதைப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து எண்ணிப் பார்க்கும். தன் நம்பிக்கையையே அப்படி எண்ணிப் பார்த்துத் தூக்கி எறிந்ததும் உண்டு.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. காசநோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருட்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும், கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலில் தொற்றக்கூடிய வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சானடோரியத்தோடு வெளியே போன சாப்பாடு, வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. மாத்திரைக்குப் பதிலாக வரவில்லை, மாத்திரை எட்டாத இடத்துக்கு வந்தது. அதுவும் சேத்துப்பட்டில் வைத்த அதே மாதிரிப் பரீட்சையில் தேறித்தான் வந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் இப்போது தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, 2005லிருந்து. அந்த நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் இந்த முழுக் கதையும் எனக்கு ஞாபகம் வரும்.

கிருமி போன பிறகும் கால் வீங்கியிருந்தால்

நவீன மருத்துவம் தன் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் நோயாளியின் வேலை தொடங்கும் நோய்கள் உண்டு. யானைக்கால் அப்படி ஒன்று. கொசு வழியாகப் பரவும் நூல்போன்ற புழுவால் வருவது. அந்தப் புழுவின் குஞ்சுகளைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ஊரெல்லாம் வீடு வீடாக வந்து கொடுப்பார்களே, அதேதான். பரவுவதைத் தடுக்க அது அருமையான மருந்து. ஆனால் ஏற்கெனவே நிணநீர்க் குழாய்கள் சேதமாகிப் பருத்துப்போன காலை அது பழையபடி ஆக்காது. ரத்தத்தில் புழு இல்லை, பரிசோதனை முடிவும் சுத்தம். அந்த மனுஷி மட்டும் புடவைக் கொசுவத்தால் காலை மறைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

கேரளத்தின் காசர்கோட்டில் தோல் மருத்துவர் எஸ்.ஆர். நரஹரியும் அவருடைய குழுவும் இந்த இடத்தில் கையை வைத்தார்கள். தோல் மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் யோகா சொல்லிக் கொடுப்பவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கிறார்கள். முதல் வேலை, சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது. மடிப்புகளிலும் விரலிடுக்கிலும் உள்ள வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே புகுந்து, குளிரும் காய்ச்சலுமாக ஆளைப் படுக்கப் போடும். ஒவ்வொரு தடவை அப்படி வரும்போதும் வீக்கம் இன்னும் கூடும். அந்த வெடிப்புக்கு நவீன மருந்து. பிறகு மூலிகை நீரில் காலை ஊறவைப்பது, எண்ணெய் தடவி நீவுவது, மூச்சோடு சேர்ந்த யோகா அசைவுகள். கடைசியில் நீளமான கட்டுத்துணியால் கீழிருந்து மேலாக அழுத்திக் கட்டுவது. பிறகு இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளப் பழக்கி அனுப்புவார்கள்.

இதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கழுவுவதும் கட்டுவதும்தான் பெரும்பங்கு என்று ஒரு சந்தேகக்காரர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் காலை அளந்து, கோப்பில் எழுதி, மருத்துவ இதழ்களில் போட்டு, பிறர் கேள்வி கேட்க வழி விட்டிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பு என்று நான் மதிப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

நிலவேம்பும் நான்காம் நாளும்

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஒருங்கிணைந்த மருத்துவத்தின் முதல் அனுபவம் ஒரு டம்ளர் கசப்பாக இருந்திருக்கும். 2012 டெங்கு சமயத்தில் அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. பிறகு மழைக்காலம் வந்தால் கட்சிக்காரர்களும் சங்கங்களும் தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றும் அளவுக்குப் பரவிவிட்டது.

குடிநீரைக் குடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆபத்து நாட்கணக்கில் இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தானாகவே இறங்கும். மற்றக் காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் மோசமான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து நீர் கசியும், ரத்தம் கெட்டியாகும், தட்டணுக்கள் குறையும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, அசதியாய்த் துவண்டு கிடப்பது, ஈறில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது.

வீட்டில் என்ன நடக்கும்? மூன்று நாள் குடிநீர் கொடுத்திருப்பார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கும். 'பார்த்தியா, நிலவேம்பு கேட்டுடுச்சு' என்று பாட்டி சொல்வார், பிள்ளை துவண்டு கிடப்பதைக் களைப்பு என்று நினைப்பார்கள். குடிநீரை ஒரு கையிலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மறு கையிலும் கொடுத்து, நான்காம் நாள் கட்டாயம் வரச் சொல்லி அனுப்பினால் அது ஒருங்கிணைந்த மருத்துவம். அண்டாவிலிருந்து டம்ளரை மட்டும் நீட்டினால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டியது எது

யோகாவைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2020இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் வழக்கமான இதய மருந்துகள் உண்டு. ஒரு பாதிக்கு அதோடு யோகாவை மையமாக வைத்த மறுவாழ்வுப் பயிற்சி, மறுபாதிக்கு அறிவுரை மட்டும். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் இரு பாதிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டால் யோகாக்காரர்கள் மேலாகச் சொன்னார்கள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களிடம் அதிகம். உயிரைக் காப்பது மாத்திரை, தைரியமாக மாடிப்படி ஏற வைப்பது யோகா என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டியவைதான், ஆனால் ஒன்றின் பெயரை மற்றதற்கு வைக்கக்கூடாது.

புற்றுநோயில் இந்தப் பெயர்க் குழப்பம் உயிரைக் குடிக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும் மாற்று மருத்துவம் மட்டுமே எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு. இது பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது ஆய்வுதான் யோசிக்க வைப்பது. வழக்கமான சிகிச்சையோடு துணை மருத்துவமும் எடுத்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. துணை மருத்துவம் அவர்களைக் கொல்லவில்லை. அறுவை சிகிச்சையையோ கீமோவையோ கதிரியக்கத்தையோ, ஏதாவது ஒன்றை 'இது வேண்டாம், அதான் வேற எடுத்துக்கிறேனே' என்று பாதியில் மறுத்தவர்கள் அவர்களில் அதிகம். கணக்கில் அதைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் மறைந்துவிட்டது. சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒன்றைக் கழிப்பதுதான் சேர்ப்பில் உள்ள ஆபத்து.

மருந்தே விஷமாக இருப்பது இன்னொரு பக்கம். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது. 'இயற்கை, பக்கவிளைவே கிடையாது' என்று யாராவது சொன்னால், வேலை செய்யும் எதற்கும் பக்கவிளைவு உண்டு என்று அவரிடம் சொல்லுங்கள். இயற்கையாகக் கிடைக்கும் அரளி விதைக்கு என்ன விளைவு என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மறுபடி மஞ்சப்பை

பெரியம்மாவின் முட்டிக்காக ஒரு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குக் கூட்டிப்போனேன். தரைத்தளத்தில் கடைசி அறை. இளம் வயது டாக்டர். கூட்டம் குறைவு என்பதாலோ என்னவோ, கால் மணி நேரம் பேசினார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பேதி, தூக்கம் எல்லாம் கேட்டார். ஆனால் அவர் கேட்டதில் முக்கியமானது வேறு.

"அம்மா, சாப்பிடுறது, தடவுறது, மெல்லுறது, எல்லாத்தையும் எடுத்து மேசை மேல வைங்க. மருந்தா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன்."

மஞ்சப்பை கவிழ்ந்தது. மாடியில் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அதிமதுரக் குச்சியைக் கையில் எடுத்தார்.

"இது தினமும் உண்டா?"

"எந்நேரமும் வாயிலதான் இருக்கும். இனிப்பா இருக்கே. சுகர்க்காரிக்கு வேற எந்த இனிப்பு இருக்கு?"

"ராத்திரியில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். இழுக்கிறது என்று மூன்று மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தா டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள், சிறுநீரகத்தில் ஒரு நொதியை வேலை செய்ய விடாமல் பண்ணும். உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். பிரஷர் ஏறும், தசை இழுக்கும். பெரியம்மாவின் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியச் செய்வது, அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றும். மாடியில் மாத்திரையைக் கூட்டக் கூட்ட, கீழே வாயில் குச்சி ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. "நல்ல சரக்குதான், நாங்களே இருமலுக்குக் கொடுக்கிறோம். ஆனா பிரஷர் இருக்கிறவங்களுக்கு இப்படி நாள் பூரா கூடாது" என்றார்.

திருவிழா டப்பாவைத் திறந்து முகர்ந்தவர் முகம் மாறியது. "இதைச் சாப்பிட்ட அன்னிக்கே வலி போயிடுமே?" என்றார். ஆமாம் என்றார் பெரியம்மா. பெயர் இல்லாத இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பவர்கள் உண்டாம். இருந்தால் சுகர் ஏறும், முகம் ஊதும். ஆனால் ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். "நானா நிறுத்தச் சொல்லல. மாடியில டாக்டர் பிளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்." பாகற்காய்ப் பொடிக்கு, சுகர் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கலாம், எழுதி வைக்கிறேன் என்றார். தைலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து, "இதைத் தாராளமாத் தேய்ச்சுக்கோங்க" என்றார். ஓபி சீட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாடிக்குப் போனோம். பெரிய டாக்டர் சீட்டைத் திருப்பிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பொட்டாசியமும், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலும் பார்க்க எழுதிக் கொடுத்துவிட்டு, பிரஷர் மாத்திரையை இந்தத் தடவை கூட்டாமல் விட்டார். பொட்டாசியம் குறைவாகத்தான் வந்தது. குச்சியை விட்டு ஒரு மாதத்தில் பிரஷர் 140க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கெண்டைக்கால் இழுப்பும் நின்றது.

சீட்டோடு மாடிக்குப் போன அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டே பெரிய டாக்டர் என்னிடம் கேட்டார்:

"இதை எழுதினவர் எங்க இருக்கார்?"

"இங்கதான் சார். இந்த ரூமுக்கு நேர் கீழே."